ஒரே தடவையில்

கச்சான் என்ற நாயைக் கூடைக்குள் வைத்து மூடிவிட்டு பிரியதர்சினி மறுபடியும் கண்ணாடிக்கு முன்னால் போனாள். பொட்டைச் சரி செய்தாள். காதில் கிடந்த சின்னத் தோட்டைக் கழற்றினாள். மேசை லாச்சியைத் திறந்து சிவப்புக்கல் தோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்த திலக்சன் குசினி வாசலில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்று பார்த்தான். அந்தத் தோடு அவன் வாங்கிக் கொடுத்தது. கலியாண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் போடுகிற தோடு.

"நாய்க்கு ஊசி போடத்தானே போறாய்?"

"ஓம்."

"போன மாசமும் போட்டதெல்லோ."

"அது வேற ஊசி, இது வேற. ஒண்டு போட்டு, இடைவெளி விட்டுத்தான் மற்றது போடவேணுமாம். முதல் ஊசிக்கு முகம் வீங்கினதால. உங்களுக்குச் சொன்னனான் தானே."

"கொஞ்சந்தானே வீங்கினது."

"கொஞ்சமோ? சொண்டு ரெண்டும் பணியாரம் மாதிரி வந்திட்டுது. சின்ன நாயளுக்கு அப்பிடி வாறது கூடவாம். ஊசி மருந்து அல்சேசனுக்கும் இதுக்கும் ஒரே அளவாம்."

"அப்ப அரைவாசியைப் போடச் சொல்லு."

"அரைவாசி போட்டால் பலன் இல்லையாம். டொக்டர் சொன்னவர்."

கூடைக்குள் இருந்து கச்சான் ஒருமுறை முனகியது. பொமரேனியன் கலப்பு. வறுத்த கச்சான் கடலைத் தோலின் நிறம். கூடைக்குள் துவாயும் அதுவும் போக இன்னும் இடம் இருந்தது. பிரியதர்சினி படிப்பிக்கும் முன்பள்ளியில் ஒரு பிள்ளையின் தாய் வெளிநாடு போகும்போது கொடுத்துவிட்டுப் போன நாய். வந்த நாளில் திலக்சன்தான் அதற்குப் பெயர் வைத்தான்.

ஓட்டோ வந்தது. அவள் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறிப் போனாள்.

டொக்டர் சொன்னவர். அந்த வசனம் சில மாதங்களுக்கு முன் வீட்டுக்குள் வந்தது. இப்போது கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டது. நாய்க்குப் பால் கொடுக்கக்கூடாது, டொக்டர் சொன்னவர். மீன் முள்ளு கொடுக்கக்கூடாது, டொக்டர் சொன்னவர். அவர்கள் இருக்கும் மனையாவெளியில் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கவேண்டும் என்று திலக்சன் கலியாணம் முடித்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். அவள் சிரித்துவிட்டுச் செம்பை அப்படியே வாயில் கவிழ்ப்பாள். இப்போது ஒவ்வொரு காலையும் பெரிய பானையில் தண்ணீர் கொதிக்கிறது. நாய்க்காக. மிச்சத்தை அவர்கள் இரண்டு பேரும் குடித்தார்கள். ஆறவைத்த அந்தத் தண்ணீரை அவன் பாதியிலேயே வைத்துவிடுவான்.

உட்துறைமுக வீதியில் வள்ளங்களின் எஞ்சின் திருத்தும் பட்டறையில் அவனுக்கு வேலை. புல்மோட்டை, இறக்கக்கண்டிப் பக்கத்திலிருந்து எஞ்சினைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவருவார்கள். அவனைத் தேடித்தான் வருவார்கள். அவன் ஒரு எஞ்சினைக் கழற்றினால் கேட்டது, கேட்காதது எல்லாவற்றையும் பார்த்து முடித்துத்தான் மூடுவான். தேய்ந்த வளையம், வெடித்த குழாய், நாளைக்கு வெடிக்கப்போகிற குழாய், எல்லாம் ஒரே தடவையில். ஒரு எஞ்சினை இரண்டாம் தரம் கழற்றுகிறவன் ஒன்றில் வேலை தெரியாதவன், இல்லாவிட்டால் ஆள் திரும்ப வரவேண்டும் என்று நினைக்கிறவன். இதை அவன் பலரிடம் சொல்லியிருக்கிறான். அன்றைக்குத் தனக்கே சொல்லிக்கொண்டான்.

அவனோடு வேலை செய்யும் றிஸ்கான் கிண்ணியாவிலிருந்து வருகிறவன். ஒரு மணிபோல் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"மச்சான், உவர்மலையில ஒண்ட மிஸ்ஸக் கண்டன். நாய் டொக்டர்ர வாசல்ல. நாய்க்கு என்ன வருத்தம்?"

"வருத்தம் இல்ல. ஊசி."

"போன கிழமைக்கு முந்தியும் அங்கதானே கண்டன். அந்த எலிக்குட்டிக்கு எத்தின ஊசிடா? எங்கட வாப்பாட மாட்டுக்கே அவ்வளவு இல்ல." றிஸ்கான் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்தான். "டொக்டரும் இன்னம் கலியாணம் முடிக்கல்லயாம். நாய்க்கு நல்ல காலம்."

சொல்லிவிட்டு அவன் சோற்றைப் பிசையத் தொடங்கினான். அவனுக்கு அது பகிடி. வாயிலிருந்து விழுந்த உடனேயே மறந்துவிட்டான். திலக்சன் கையில் இருந்த நட்டுச் சாவியை இறுக்கினான். தேவைக்கு மேல் ஒரு சுற்று இறுக்கி, நட்டின் மரையைக் கெடுத்தான். அப்படி ஒரு வேலை அவனுடைய கையால் நடந்ததில்லை.

ஒயில் சீல் வாங்கவேண்டும் என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான். கடை இருப்பது கடற்கரைப் பக்கம். அவன் உவர்மலை ஏற்றத்தில் ஏறினான்.

டொக்டரின் இடம் ஒரு பழைய வீட்டின் முன் அறை. வெளியே தகரப் பத்தி, அதன் கீழ் காத்திருப்பவர்கள் உட்கார ஒரு வாங்கு. எதிர்ப்பக்க வேப்பமரத்தின் கீழ் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமல், வேகத்தை மட்டும் குறைத்துப் பார்த்தான். அவள் வாங்கில் இருந்தாள். கச்சான் மடியில். டொக்டர் அவளுக்கு முன்னால் குந்தி, நாயின் முகத்துக்குக் கிட்ட முகத்தை வைத்துக்கொண்டு என்னவோ சொன்னான். வெள்ளைச் சேட்டும் முதுகும்தான் தெரிந்தது. அவள் சிரித்தாள்.

திலக்சனை உறுத்தியது சிரிப்பு அல்ல. வாயை மூடாமல் சிரித்ததுதான். பிரியதர்சினிக்கு மேல்வரிசையில் ஒரு பல் மற்றதின் மேல் ஏறியிருக்கும். பள்ளிக்கூடத்தில் யாரோ பகிடி பண்ணிய நாளிலிருந்து சிரிப்பு வந்தால் கை வாய்க்குப் போய்விடும். கலியாணப் படங்களில் ஒன்றில்கூடப் பல் இல்லை. அவனோடு தனியே இருக்கும்போதும் கை போகும். எடு, நான்தானே என்று அவன் சொல்லிப் பார்த்திருக்கிறான். கையை எடுப்பாள், சிரிப்பும் போய்விடும். அந்தத் தெத்துப் பல்லை அவன் முழுதாகப் பார்த்தது அவள் நித்திரையாய் இருக்கும்போதுதான்.

அன்று பின்னேரம் அவன் கேட்டான். "ஏன் சுணங்கினது?"

"ஊசி போட்டு அரை மணித்தியாலம் அங்கேயே இருக்கவேணும். வீங்குதோ எண்டு பாக்க."

"வீங்கினதோ?"

"இல்லை. இந்த முறை ஒண்டும் செய்யேல்ல." அவள் குனிந்து நாயின் காதைத் தடவினாள். "இன்னும் மூண்டு ஊசி கிடக்கு."

மூன்று ஊசி. மூன்று முறை சிவப்புக்கல் தோடு. மூன்று அரை மணித்தியாலம்.

சாம்பல்தீவில் சோமசேகரம் என்று ஒருவர் இருந்தார். அரசாங்க மிருக வைத்தியப் பகுதியில் உதவியாளராய் இருந்து ஓய்வு பெற்றவர். திரியாய் வரைக்கும் போய் ஆடு, மாடு, வளவு நாய் எல்லாவற்றுக்கும் ஊசி போடுவார். அவருடைய தண்ணீர்ப் பம்பை திலக்சன் ஒருமுறை திருத்திக் கொடுத்திருந்தான். அடுத்த வியாழக்கிழமை, பிரியதர்சினி முன்பள்ளிக்குப் போன பிறகு, அவன் பட்டறைக்குச் சுகமில்லை என்று சொன்னான். கச்சானைக் கூடையில் வைத்து, கூடையை மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கிக்கு மேல் வைத்துக் கட்டினான். நாய் வாலை ஆட்டிக்கொண்டே ஏறியது. அவனோடு எங்கும் போய்ப் பழக்கம் இல்லாததால் அதற்குச் சந்தோசம்.

சோமசேகரம் கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"உவரோ ஆள்? சட்டைப் பொக்கற்றுக்குள்ளேயே கொண்டந்திருக்கலாமே, தம்பி."

"மிச்ச ஊசி மூண்டும் போடவேணும் ஐயா. விசர்நாய்க்கடிக்கு ஒண்டு, எலிக்காய்ச்சலுக்கு ஒண்டு, மற்றது அந்த ஐஞ்சு வருத்தத்துக்கும் சேர்த்துப் போடுறது."

"எல்லாம் ஒண்டாவோ? ஆள் குட்டியா இருக்கிறார்."

"ஒரே தடவையில முடிச்சு விடுங்கோ. திரும்பத் திரும்ப அலைய ஏலாது."

சோமசேகரம் ஐஸ் பெட்டியைத் திறந்தார். சின்னப் போத்தல்களை எடுத்து வரிசையாக வைத்தார். ஊசிக்குள் மருந்தை இழுத்தார். பிறகு நிறுத்தி, கண்ணாடிக்கு மேலால் அவனைப் பார்த்தார்.

"முந்தி ஊசி போட்டு ஏதும் செய்ததோ? வீக்கம், சத்தி, அப்பிடி?"

ஓம் என்றால் அவர் பெட்டியை மூடிவிடுவார். டொக்டரிடமே கொண்டுபோ என்பார். அவள் மறுபடி லாச்சியைத் திறப்பாள். வளவின் மூலையில் கட்டியிருந்த ஆடு கஞ்சிச் சட்டியை உருட்டியது.

"இல்லை," என்றான்.

ஒவ்வொரு ஊசிக்கும் கச்சான் ஒரு சின்னச் சத்தம் போட்டது. மூன்றாவதற்குச் சத்தம் இல்லை. பிடித்திருந்த அவனுடைய பெருவிரலை நக்கியது.

"கொஞ்சம் இருந்திட்டுப் போங்கோ தம்பி. தேத்தண்ணி போடச் சொல்லுறன்."

"வேலை கிடக்கு ஐயா."

ஊசி போட்டுவிட்டு இருப்பது என்ற அந்தக் கதையே அவனுக்குப் பிடிக்கவில்லை.

திரும்பி வரும்போது மனம் லேசாக இருந்தது. சொல்லப்போகும் வசனத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். சேட்டைக் கழற்றிக்கொண்டு, அவளைப் பார்க்காமல் சொல்லவேண்டும். கச்சானுக்கு ஊசி எல்லாம் முடிஞ்சுது. இனி அங்க போகத் தேவையில்லை. அவள் என்ன சொல்வாள்? முகம் எப்படிப் போகும்? அதைப் பார்த்தால் தெரிந்துவிடும். அதைப் பார்ப்பதற்காகத்தான் இவ்வளவும் என்று ஒரு கணம் தோன்றியது. அந்த எண்ணத்தை விட்டுவிட்டு வேகத்தைக் கூட்டினான்.

உப்புவெளி தாண்டும்போது கூடைக்குள் இருந்து புளித்த மணம் வந்தது. சத்தி எடுத்திருந்தது. மோட்டார் சைக்கிள் ஆட்டத்துக்கு என்று நினைத்தான். கூடை கொஞ்ச நேரம் அசைந்தது, நாய் முகத்தைத் துவாயில் தேய்க்கிற மாதிரி. பிறகு அசையவில்லை. நித்திரை போல.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், நகரத்துக்குள் திரியும் மான்கள் வீதியை மறித்துக்கொண்டு நின்றன. கச்சானுக்கு உலகத்தில் பிடிக்காத ஒரே சாதி அது. மானின் மணம் காற்றில் வந்தாலே போதும், ஓட்டோவை நிறுத்தி மற்றவர்கள் பார்க்கும் அளவுக்குக் குரைக்கும். ஒரு பெரிய கலைமான் கூடைக்குக் கிட்ட வந்து, மூக்கை நீட்டி மணந்துவிட்டுப் போனது. கூடைக்குள் இருந்து சத்தம் இல்லை.

அவன் மூடியைத் திறந்தான்.

முதலில் அது கச்சான் மாதிரி இல்லை. முகம் உருண்டு, கண் இரண்டும் கோடாகி, சொண்டு தடித்துத் தொங்கியது. வயிற்றில் மயிருக்குக் கீழே தோல் திட்டுத் திட்டாக எழும்பியிருந்தது. சொண்டைத் தூக்கிப் பார்த்தான். பல்முரசு வெளுத்துக் கிடந்தது. கைக்குள் எடுத்தபோது தலை ஒரு பக்கம் சரிந்தது. மூச்சு இருந்தது, இழுத்து இழுத்து.

சோமசேகரத்தின் வீடு வந்த தூரம் முழுவதும் பின்னால். உவர்மலை ஏற்றம் முன்னால் தெரிந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் நின்ற பஸ் ஹோன் அடித்தது. திலக்சன் இரண்டு பக்கமும் பார்த்தான். பாதை மாறத் தெரியாதவன் மாதிரி நின்றான். எவ்வளவு நேரம் என்று பிறகு நினைத்துப் பார்த்தால் அவனுக்குத் தெரியவில்லை. பஸ் இரண்டாம் தரம் அடித்தபோதுதான் கால் கியரை மாற்றியது.

அந்த இடத்துக்குப் போவதை அவன் பலமுறை நினைத்திருக்கிறான். அந்த நினைப்புகளில் எல்லாம் அவன் நல்ல சேட்டு ஒன்று போட்டிருந்தான். கேட்பதற்குக் கேள்வி வைத்திருந்தான். இப்போது சேட்டில் நாயின் சத்தி. வாங்கில் இருந்த இரண்டு பேர், ஒருவர் பூனையோடு, ஒருவர் ஆட்டோடு, தாங்களாகவே எழும்பி வழி விட்டார்கள்.

டொக்டர் யதுர்சன் உள்ளேயிருந்து வந்தான். முன்மயிர் கொட்டத் தொடங்கியிருந்தது. கன்னத்தில் பருத் தழும்பு. இவனிடம் என்ன இருக்கிறது? அந்த நேரத்திலும் அந்த எண்ணம் வந்தது.

"டீச்சரின்ட கச்சான் எல்லே இது?"

"ஓம். நான் அவவின்ட..."

"என்ன குடுத்தது?"

"ஊசி."

"எத்தனை?"

ஒன்று என்று சொல்லலாம். ஒன்று சின்னச் சொல்.

"மூண்டு."

டொக்டரின் கை நின்றது. பிறகு மறுபடி அசைந்தது. ஏசியிருந்தால் திலக்சன் பதில் சொல்லியிருப்பான். டொக்டர் ஒரு மருந்தை எடுத்துத் தொடையில் குத்தினான். இன்னொன்றை எடுத்து வைத்தான். முன்காலில் மயிரை மழித்தான். அந்தக் கால் திலக்சனின் சுண்டுவிரலை விடப் பெரிதில்லை.

"சேலைன் ஏத்தவேணும். பிடியுங்கோ அண்ணை. அசைய விடாதேங்கோ. நெருக்காதேங்கோ, மூச்செடுக்கட்டும்."

நட்டுப் பிடிக்கிற கைக்கு நெருக்காமல் பிடிக்கத் தெரியவில்லை. கச்சானுக்கு உடம்பெல்லாம் அரித்திருக்கவேண்டும். இருந்த கொஞ்ச உயிரையும் வைத்துக்கொண்டு அது உதறியது. ஊசி நரம்பைத் தவறவிட்டது. மறுபடி தவறியது.

"பாடுங்கோ," என்றான் டொக்டர், காலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என்ன?"

"டீச்சர் அதின்ட காதுக்குள்ள பாடுறவா. முன்பள்ளிப் பாட்டு ஒண்டு. அப்பதான் ஆள் அசையாமல் இருக்கிறவர். அதைப் பாடுங்கோ."

"எந்தப் பாட்டு?"

டொக்டர் முதல் தரம் நிமிர்ந்து அவனுடைய முகத்தைப் பார்த்தான். கொஞ்சந்தான் பார்த்தான். பிறகு குனிந்து, ஊசியைச் சரித்துப் பிடித்துக்கொண்டு, தானே பாடினான்.

"தோணி தோணி ஆடுது... இறால் குஞ்சு நித்திரை..."

மெட்டு இல்லை. சந்தையில் விலை கூவுகிற மாதிரி இருந்தது. மிச்சம் தெரியாமல் அந்த வரியையே திரும்பத் திரும்பச் சொன்னான். திலக்சன் தன்னுடைய பெண்சாதியின் பாட்டை இன்னொருவனின் வாயால் கேட்டுக்கொண்டு, நாயின் தோளைப் பிடித்தபடி நின்றான். கலியாணம் முடித்த புதிதில் அவள் கிணற்றடியில் பாடுவாள். எப்போது நின்றது? நின்றதை அவன் கவனிக்கவில்லை. கச்சானின் ஒரு காது மெல்ல அசைந்தது. ஊசி ஏறியது.

அவன் வெளியே வந்து போன் எடுத்தான். "பிரியா. கச்சானுக்குச் சரியில்லை. டொக்டரிட்ட நிக்கிறன்," என்றான்.

அவள் விரலில் பச்சைப் பெயின்ற்றோடு வந்தாள். காதில் சின்னத் தோடு. அவனைத் தாண்டி உள்ளே போனாள். டொக்டர் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தது வாசலுக்குக் கேட்டது.

"மருந்து கேட்டிருக்கு டீச்சர். ஆனா திரும்பவும் வரலாம். பின்னேரம் வரைக்கும் இஞ்சயே இருக்கட்டும். மூச்சு மாறினால் உடனே கூப்பிடுங்கோ."

யார் செய்தது என்று அவன் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மையும் திலக்சனுக்கு உறைத்தது.

உள்ளே மேசை ஆட்டுக்குத் தேவைப்பட்டது. பிரியதர்சினி கச்சானைத் துவாயோடு தூக்கிவந்து வாங்கில் இருந்தாள். சேலைன் போத்தலை டொக்டர் ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டுப் போனான். திலக்சன் வாங்கின் மற்ற நுனியில் இருந்தான். வீதிக்கு அந்தப் பக்கம் அந்த வேப்பமரம் நின்றது.

"ஆரிட்டக் கொண்டு போனனீங்கள்?"

"சோமசேகரம் ஐயாட்ட."

"எத்தனை போட்டவர்?"

"மூண்டு."

"முதல் வீங்கினதை அவரிட்டச் சொன்னனீங்களோ?"

"அவர் கேட்டவர். இல்லை எண்டனான்."

"மறந்திட்டீங்களோ?"

அவள் அதைக் கேட்ட விதத்தில் ஒரு வழி இருந்தது. ஓம் என்று சொல்லி அதன் வழியாக வீட்டுக்குப் போய்விடலாம்.

"மறக்கேல்ல," என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிவப்புக்கல்லையும் பல்லையும் கொதித்த தண்ணீரையும் ஏதாவது ஒரு ஒழுங்கில் சொல்லியிருப்பான். அவள் கச்சானின் பக்கம் திரும்பினாள். வீக்கம் அப்படியே இருந்தது. வயிறு ஏறியது, நின்றது, இறங்கியது. ஒவ்வொரு முறை இறங்கியபோதும் இரண்டு பேரும் அடுத்ததற்காகக் காத்திருந்தார்கள்.

உள்ளே ஆடு கத்தியது. எதையோ தட்டிக் கொட்டியது. "அடேய், நில்லடா," என்றான் டொக்டர். பிறகு, வேறு வழி தெரியாமல் போலும், அதே மெட்டில்லாத குரலில் ஆட்டுக்கும் பாடத் தொடங்கினான். தோணி தோணி ஆடுது. ஆடு இன்னும் பலமாகக் கத்தியது.

பிரியதர்சினி சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் நிற்க, அழுகையும் அதற்குள் இருக்க, சிரித்தாள். தெத்துப் பல் முழுதாகத் தெரிந்தது. திலக்சன் அவளுடைய கைகளைத் தேடினான். ஒன்று கச்சானின் வயிற்றுக்குக் கீழே இருந்தது. மற்றது சேலைன் ஏறும் காலைப் பிடித்திருந்தது. வாய்க்குக் கொண்டுபோக அவளிடம் கை இருக்கவில்லை.

"இந்தக் காலை ஒருக்காப் பிடியுங்கோ," என்றாள் அவள். "எனக்குக் கை விறைச்சுப்போச்சு."

அவன் கிட்ட நகர்ந்து, அந்தச் சின்னக் காலை இரண்டு விரலால் வாங்கினான். நெருக்காமல் பிடித்தான். சேலைன் குழாய்க்குள் ஒரு துளி விழுந்தது. உள்ளே டொக்டர் பாட்டை மறுபடி முதலில் இருந்து தொடங்கினான். அவளுடைய சொண்டு சிரிப்பில் மறுபடி விரியத் தொடங்கியது. விடுபட்ட அவளுடைய கை, பச்சைப் பெயின்ற் காய்ந்த விரல்களோடு, மடிக்கும் முகத்துக்கும் இடையில் எழும்பி நின்றது.